செம்பு துளும்பாத சத்தம்

சிவமயம்
ஊஸ்டர், 12.02.2017

தம்பி செல்வன்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் மனைவி ராஜேஸ்வரி வேணுகாவுக்குச் சொல்ல, வேணுகா எனக்குச் சொல்லி அறிகிறேன். முருகன் புண்ணியத்தில் நாங்களும் சுகம். நான் உனக்கு எழுதி ஒன்றரை வருடத்துக்கு மேலாகிறது. கோபம் ஆறித்தான் அக்கா எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதே. அலுவல் இருக்கிறது, எழுதுகிறேன்.

வேணுகாவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. மாப்பிள்ளையின் பெயர் பானுஜன். நல்ல பிள்ளை, திருநீறு பூசக் கூச்சப்படாத பிள்ளை. செப்டம்பர் மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஊஸ்டர் மண்டபத்தில். இது அழைப்பு அல்ல. தாய்மாமனுக்குக் கடதாசியில் கலியாணம் சொல்லுகிற அளவுக்கு நான் இன்னும் இந்த நாட்டுக்காரியாகவில்லை. அழைப்பு நேரில்தான், வெற்றிலை பாக்கோடு. ஆனால் வருவதற்கு முன் ஒரு விஷயம் தீர வேண்டும்.

உன் மருமகள் என்ன சொல்லுகிறாள் தெரியுமா? "அம்மா, நான் மண்டபத்துக்கு மாமாவின்ர காரிலதான் வருவன். இல்லாட்டி பட்டுச் சீலையோட ரெயினில வந்து இறங்குறன்." சொன்னால் செய்வாள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அத்தான் என்னைத்தான் பார்க்கிறார்.

அந்தக் கார் அழகில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஜூரா மலைப்பக்கம் ஒரு மாட்டுக்கொட்டிலில் கறள் பிடித்துக் கிடந்த 1932ஆம் ஆண்டு ஃபோர்டை ஆறு வருடமாகத் தட்டி, ஒட்டி, செவ்வரளி நிறத்தில் நிறுத்தினாயே, அதைப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கியது. எங்கள் வீட்டில் ஒருவனுக்கு இப்படிக் கை வாய்த்திருக்கிறதே என்று. ஆனால் 2015 ஆடித் தேருக்கு அதை நீ கொண்டுவந்து செய்த வேலை! தேர் வெளிக்கிடுகிற நேரம், நாதஸ்வரக்காரர் வாயில் வைத்த நேரம், நீ அதைக் கிளப்பினாய். மேளமும் கேட்கவில்லை, குருக்களின் மந்திரமும் கேட்கவில்லை. நான் உன் காருக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பெடலை இன்னும் அமத்தினாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நகரசபையில் இருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோயில் செயலாளர் என்று அத்தான்தான் போய்த் தலைகுனிந்து நின்றார்.

இப்போது எடுத்திருக்கிற மண்டபத்துக்குப் பக்கத்துச் சுவர் முதியோர் இல்லம். மண்டபத்தைப் பார்க்கிற ஹெர் வேபர் என்பவர், ஞாயிற்றுக்கிழமை தெருவில் சத்தம் கேட்டால் கதவைப் பூட்டிப்போடுவேன் என்று கையெழுத்து வாங்கித்தான் திறப்புத் தருகிறார்.

ஆகவே கேட்கிறேன். அந்தக் கார் வாயை மூடுமா, மூடாதா?

மனோகரி அக்கா

*

ரெனான், 26.02.2017

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். வேணுகாவுக்குக் கலியாணம்! அவள் தொட்டிலில் கிடந்து என் விரலைப் பிடித்தது நேற்றுப்போல இருக்கிறது.

மூடும் அக்கா. மூடலாம். ஏன் கத்துகிறது என்று முதலில் சொல்கிறேன். எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர். பக்கத்துக்கு நாலு. ஒவ்வொன்றிலும் இருந்து வெடித்த புகை வெளியே வர ஒரு குழாய். நாலு குழாயும் சேர்ந்து முன்சில்லுக்குப் பின்னால் ஒரே வாயாகத் திறக்கும். மற்றக் கார்களில் அந்த வாய்க்குப் பிறகு நீளக் குழாய் ஓடி, நடுவில் சைலன்சர் என்று ஒரு பெட்டி இருக்கும். என்னுடையதில் ஒன்றும் இல்லை. வெடித்தது வெடித்தபடி வெளியே வரும். நான் வேண்டுமென்றுதான் அப்படி விட்டேன். றோட்டில் ஓட்டுகிறபோது ஓட்டைகள் போட்ட ஒரு மூடி பூட்டுவேன், தேர் அன்றைக்கு அதைக் கழற்றிவிட்டிருந்தேன்.

சைலன்சர் மூன்று சாதி. ஒன்று நேர்க்குழாய், சுற்றிவரக் கண்ணாடிப் பஞ்சு. இரண்டாவது பஞ்சு இல்லாமல் உள்ளே இரும்புத் தட்டிகள் வைத்து அறை அறையாகப் பிரித்தது. மூன்றாவது பெரிய முட்டைவடிவப் பெட்டி, உள்ளே குழாய் மடங்கி மடங்கிப் போகும். எது நல்லது என்று கேட்காதீர்கள். அது ஆளுக்கு ஆள். நீங்கள் தெரிவு செய்யுங்கள். தேவாரம் பாடுகிற காது உங்களுக்கு. எனக்கு அந்தக் காது இல்லை. விற்கிறவர்களின் புத்தகம் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன், ஜேர்மன் மொழியில்தான்.

ஒன்று மட்டும். அதை மூடினால் அது வேறு கார். சரி, விடுங்கள். வேணுகா கேட்டால் நான் காரைத் தலைகீழாகவும் ஓட்டுவேன்.

போன் எடுக்க வேண்டாம் அக்கா. எழுதுங்கள்.

செல்வன்

*

சிவமயம்
ஊஸ்டர், 19.03.2017

தம்பி செல்வன்,

உன் புத்தகத்தை அகராதியோடு இருந்து மூன்று கிழமையாகப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று நினைத்துக்கொண்டு அனுப்பினாயோ தெரியாது. இந்த நாட்டுக் கடைகளின் விளம்பரத் தாளில் ஜேர்மன் படித்தவள் நான். சைலன்சரை நீளப்பாட்டில் வெட்டி உள்ளே காட்டுகிற படங்களை என் கொப்பியில் கீறி வைத்திருக்கிறேன். விரதநாள், பிள்ளையின் தடுப்பூசி, ஊறுகாய் போட்ட திகதி எல்லாம் எழுதுகிற அதே கொப்பிதான்.

எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், பிழை என்றால் திருத்து. பஞ்சு வைத்தது, வாய்க்கு முன்னால் துவாய் பிடித்துக்கொண்டு கத்துகிற மாதிரி. கூச்சல் குறையும், ஆனால் பஞ்சு எரிந்து போகப் போக ஆள் பழையபடி கத்தத் தொடங்கும். அறை பிரித்தது, சத்தத்தைச் சுவரில் மோதவிட்டு, திரும்பி வருகிற சத்தத்தைக் கொண்டே வருகிற சத்தத்தை அமத்துகிறது. இதைக் கண்டுபிடித்தவனை நான் கும்பிடுகிறேன். மடக்கிப் போகிறது, சத்தத்தை நடக்கவிட்டே களைக்கப் பண்ணுகிறது. ஒரு வெறும் தகரப் பெட்டிக்குள் இவ்வளவு புத்தி இருக்கிறதென்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லையே!

வேறு கார்களில் இந்தச் சைலன்சர்களின் சத்தத்தை நீ பதிந்து அனுப்பியவற்றை வேணுகா தன் போனில் போட்டுக் காட்டினாள். ஒன்றுக்கும் உதவாது. போனில் யானையும் பூனையும் ஒரே அளவு. அதனால் நானே வருகிறேன். பங்குனி உத்தரம் முடிய, ஏப்ரல் 22, சனிக்கிழமை. அத்தானும் வருவார், கலியாணமும் சொல்லியதாக இருக்கட்டும்.

எப்படி அளக்கப் போகிறேன் என்று யோசிப்பாய். மண்டப வாசலில் நிறைகுடம் வைப்போம். நீ கார் கொண்டுவந்து நிறுத்துகிற இடத்துக்கும் அதற்கும் ஐந்து எட்டு. நான் நடந்து அளந்துவிட்டேன். சாமித்தட்டில் இருக்கிற என் செம்பைக் கொண்டுவருகிறேன். விளிம்பு முட்டத் தண்ணீர் விட்டு ஐந்து எட்டுத் தள்ளி வைப்போம். நிறைகுடம் துளும்பினால் அந்தச் சத்தம் என் பிள்ளையின் வாசலுக்கு ஆகாது. அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒன்றரை வருடத்தில் நாலு தரம் வேணுகாவைக் கொண்டு உன் வீட்டுக்கு போன் எடுப்பித்தேன். நாலு தரமும் ராஜேஸ்வரிதான் கதைத்தாள். "அவர் கராஜில, அவர் குளிக்கிறார்." நீ இவ்வளவு குளிக்கிற ஆள் இல்லையே. என்னோடு கோபம் என்றால் கோபம் என்று சொல்.

மனோகரி அக்கா

*

ரெனான், 02.04.2017

அன்புள்ள அக்கா,

வாங்கோ. கோபம் இல்லை. கடவுளாணை இல்லை.

மூன்று சாதியும் எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு சோடி இங்குள்ள கூட்டாளிகளிடம் இரவல். பட்டி போட்டு இறுக்குகிற மாதிரிச் செய்துவிட்டேன், கழற்றி மாற்ற அரை மணித்தியாலம். குழாய் ஆறுகிறவரை தேத்தண்ணீர் குடிக்கலாம். செம்பு விஷயத்தை என் முதலாளிக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் அக்காவுக்கு இங்கே வேலை வேண்டுமா என்று கேள்" என்றார்.

நீங்கள் புத்தகத்தைப் பற்றி எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. நான் தொழில் பழகிய பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

கார் நிற்கிறது கராஜின் பின்பக்கம். வரும்போது முன்னால் இருந்து வாங்கோ, அக்கா. ராஜேஸ் கூட்டிக்கொண்டு வருவாள்.

செல்வன்

*

சிவமயம்
ஊஸ்டர், 25.04.2017

தம்பி செல்வன்,

சுகமாக வந்து சேர்ந்தோம். ராஜேஸ் கட்டித்தந்த பயித்தம் பணியாரம் ஃப்ரிபூர் வருவதற்குள் முடிந்துவிட்டது, முடித்தது அத்தான். வெற்றிலைத் தட்டை நீ இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றியதை அவர் வழிமுழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார்.

முதலில் கொப்பியில் உள்ளதை எழுதுகிறேன்.

குழாய் திறந்தபடி: செம்பு துளும்பியது. தண்ணீர் விளிம்பால் வழிந்து ஸ்டூல் நனைந்தது. அத்தான் காதைப் பொத்தினார். மேலே மாடியில் ஒரு மனுசி சன்னலைச் சாத்தினாள்.

பஞ்சுச் சைலன்சர்: துளும்பவில்லை, ஆனால் தண்ணீர் முழுக்கக் கொதித்த மாதிரி நடுங்கியது. நீ பெடலில் இருந்து காலை எடுக்கும்போது படபடவென்று வெடித்தது. கலியாண வாசலில் வெடி வேண்டாம்.

அறைச் சைலன்சர்: நடுவில் இருந்து விளிம்புக்கு ஒவ்வொன்றாக வளையம் போனது. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. கூச்சலை வெட்டிவிட்டு அடிக்குரலை மட்டும் வைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டு பாடுகிற நல்ல பாட்டுக்காரன் மாதிரி. அந்தச் சுருதிக்கு நான் மனதுக்குள் ஒரு வரி பாடிப் பார்த்தேன், பாட்டு அதில் நின்றது.

மடக்குச் சைலன்சர்: செம்பு அசையவே இல்லை. தண்ணீரில் என் முகம் தெரிந்தது. ஹெர் வேபர் கேட்டால் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவார்.

கணக்குப்படி மடக்குச் சைலன்சர்தான் வென்றது. அதை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும், எழுதாமல் என்னால் கொப்பியை மூட முடியவில்லை.

நீ முன்னால் இருந்து வரச் சொல்லி எழுதியிருந்தாய். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொண்டு பின்னால் இருந்து வந்தேன். "செல்வன்" என்று கூப்பிட்டேன். மூன்று தரம். மூன்றாம் தரம் கொஞ்சம் உரக்க. நீ திரும்பவில்லை. எஞ்சின் அப்போது ஓடவில்லை செல்வன். கராஜ் முழுக்க அமைதி.

கோபமாக்கும் என்றுதான் நினைத்தேன். கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகு மடக்குச் சைலன்சரைப் பூட்டி, காரைக் கிளப்பினாய். அழகாக ஓடிக்கொண்டிருந்தது. நீ ஒரு நிமிடம் சும்மா இருந்தாய். பிறகு குனிந்து திரும்பவும் ஸ்டார்ட்டர் பொத்தானை அமத்தினாய். ஓடுகிற எஞ்சினில்! பல் கடிபடுகிற அந்தச் சத்தத்துக்கு அத்தான் துள்ளினார், எனக்கு உடம்பு கூசியது. உனக்கு முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடியும் அமத்தப் போனாய். ராஜேஸ் வந்தாள். உன் கையைப் பிடித்து பொனெட்டின் மேல் வைத்தாள். அதற்குப் பிறகுதான் கார் ஓடுகிறது என்று உனக்குத் தெரிந்தது. நீ அவளைப் பார்த்துத் தலையாட்டினாய். இது முதல்தரம் அல்ல என்று அந்தத் தலையாட்டலில் எனக்கு விளங்கியது.

நான் ஒன்றும் காணாதவள் மாதிரிச் செம்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ரெயினில் அத்தானுக்கும் சொல்லவில்லை.

எத்தனை வருடமாக, செல்வன்?

அக்கா

*

ரெனான், 07.05.2017

அக்கா,

நாலு வருடம். முதலில் இடது காது. பிறகு மற்றது. முழுக்க இல்லாமல் போகவில்லை. முன்னால் நின்று கதைத்தால் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். போனில் வாய் இல்லை. அதுதான் குளியல்.

சின்ன வயதில் இருந்து இரும்பு தட்டினவன், காதுக்கு ஒன்றும் போடாமல். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று பயந்தேன். அவருக்கு முதலே தெரியுமாம், இப்போதுதான் ராஜேஸ் சொன்னாள். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

குழாயை ஏன் திறந்து விட்டேன் என்று இப்போது சொல்லலாம். மற்றச் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. குருவி போனது. மழை போனது. கோயில் மணி ஒரு தகரத்தட்டு மாதிரி ஆனது. இந்தக் கார் மட்டும் எனக்கு முழுதாகக் கேட்டது. காதால் இல்லை, நெஞ்செலும்பால். அதை மூடச் சொல்லி நீங்கள் எழுதியபோது கொஞ்சம் அந்தரமாக இருந்தது. அவ்வளவுதான்.

தேர் அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். நாதஸ்வரம் தொடங்கியது எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. தேர் அசைவதைப் பார்த்தேன், முருகனுக்கு என் கையால் செய்தது இது ஒன்றுதானே, இதுவும் ஒரு முழக்கம் முழங்கட்டும் என்று கிளப்பினேன். நீங்கள் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினீர்கள். வாயால் எதையோ உரத்துச் சொன்னீர்கள். எல்லோரும் தேருக்குக் கை தூக்குகிற நேரம் அது, அக்கா. நீங்கள் அரோகரா சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். என் காரைப் பார்த்து என் அக்கா அரோகரா சொல்கிறாள்! எனக்கு எவ்வளவு சந்தோசம் என்றால் இன்னும் அமத்தினேன்.

என் வாசல்படி மிதிக்காதே என்று அன்று பிறகு நீங்கள் கத்திச் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில், பேர்ண் தாண்டிய பிறகு, காரை ஓரம் கட்டச் செய்து ராஜேஸ்வரிதான் அதை எனக்குச் சொன்னாள்.

மடக்குச் சைலன்சரையே பூட்டுகிறேன். கணக்கு கணக்குத்தான். எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்க மீற்றர் இருக்கிறது.

செல்வன்

*

சிவமயம்
ஊஸ்டர், 14.05.2017

என் தம்பி,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அரோகரா வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, "இனி நகரசபைக் கதை இந்த வீட்டில கதைக்கப்படாது" என்றார். நான் அன்றைக்குச் சொன்ன சொல்லைத் தண்ணீரில் விட்டுவிடு. இரண்டு காதும் கேட்கிற நான்தான் விசாரிக்காமல் கத்தினேன்.

கொப்பியில் போட்ட அடிக்கோட்டை வெட்டிவிட்டேன். மடக்குச் சைலன்சர் வேண்டாம். அறைச் சைலன்சரைப் பூட்டு.

இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதே, கணக்கோடுதான் சொல்கிறேன். நான் வைத்த விதி என்ன? செம்பு துளும்பக் கூடாது. அசையவே கூடாது என்று நான் விதி வைக்கவில்லை. அறைச் சைலன்சரில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. அதோடு, அது ஓடியபோது நான் செம்பை மட்டும் பார்க்கவில்லை, உன்னையும் பார்த்தேன். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். பொத்தானைத் தேடவில்லை. உனக்குக் கேட்டது.

இப்போது புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தைப் பார். இரண்டு பக்கக் குழாயையும் நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் சேர்த்தால் சத்தத்தின் கரடுமுரடு போய் அடிக்குரல் ஒன்றாகும் என்று போட்டிருக்கிறது. அதையும் செய். உள்ளதில் நீளமான சைலன்சராக எடு. குழாயைப் பின்சில்லு தாண்டிக் கொண்டுபோய் விடு. உனக்கு வேண்டிய அடிக்குரல் இருக்கைக்குக் கீழால் போகட்டும், கூச்சல் முதியோர் இல்லத்துக்குப் போகாமல் இருக்கட்டும். சரிதானே? குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தகர மறைப்பும் வேண்டும். பிள்ளை இறங்கும்போது பட்டுச் சேலைக் கரை சூட்டில் படக்கூடாது.

இனி என் பக்கத்து நிபந்தனை. காதுக்காரரிடம் போ. ராஜேஸ் திகதி எடுப்பாள், நீ குளிக்கப் போகாதே. வேலை செய்யும்போது காதுக்குப் போடுவதையும் போடு. மிச்சம் இருக்கிற காதையாவது காப்பாற்று.

உன் கையைப் பற்றி ஒன்று சொல்லவில்லை. காது கேட்காமல் நாலு வருடம் எஞ்சின் திருத்தியிருக்கிறாய். கையை வைத்தே எந்தச் சிலிண்டர் பிழை என்று பிடிக்கிறாயாம், உன் முதலாளி அத்தானுக்குச் சொல்லியிருக்கிறார். சத்தத்தை நான் காதால் அளந்தேன், செம்பால் அளந்தேன். நீ உள்ளங்கையால் அளக்கிறாய். கெட்டிக்காரன் நான் இல்லை.

அக்கா

*

ரெனான், 20.08.2017

அன்புள்ள அக்கா,

பூட்டி முடிந்தது. நாற்பத்தோராம் பக்கம் சொன்னபடியே. குறுக்குக் குழாயை மூன்று தரம் வெட்டி ஒட்டினேன், இடம் காணவில்லை, கார் நிலத்தோடு கிடக்கிற சாதி. கடைசியில் கியர் பெட்டிக்குப் பின்னால் ஒரு கை அகலம் கிடைத்தது. வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பரிசோதிக்கிறவர் குழாய்க்குப் பக்கத்தில் கருவியைப் பிடித்துப் பார்த்தார், தாளில் எழுதினார், பிறகு கீழே படுத்துப் பார்த்தார். எழும்பாமலே கேட்டார், யார் இந்தக் குழாய்க்குத் திட்டம் போட்டது என்று. என் அக்கா என்றேன். எஞ்சினியரா என்றார். ஓம் என்றேன். பொய்க்கு முருகன் மன்னிப்பார்.

காதுக்காரரிடமும் போனேன். இரண்டு காதிலும் சின்னதாக ஒரு கேட்கிற கருவி, தலைமயிருக்குள் மறைந்துவிடும். முதல்நாள் பைத்தியம் பிடித்த மாதிரி. ராஜேஸின் காப்புக் கிலுங்குவது, குளிரூட்டிப் பெட்டி உறுமுவது. "நீ எப்பவும் இவ்வளவு கதைக்கிறனியோ?" என்று கேட்டு அடி வாங்கினேன்.

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுக் காரை ஓட்டி வந்து நிறுத்தினேன். எஞ்சின் நின்ற பிறகு கீழே இருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். எதுவோ உடைந்துவிட்டது என்று பதறிக் குனிந்தேன். ஒன்றும் இல்லை. சூடான குழாய் ஆறுகிறபோது இரும்பு சுருங்குகிற சத்தம். எல்லாக் காரிலும் உள்ளதுதான். இந்தக் காரில் இத்தனை வருடத்தில் நான் ஒருதரமும் கேட்டதில்லை. அது முடியும் வரைக்கும் பக்கத்தில் நிலத்தில் இருந்து கேட்டேன்.

இரண்டாம் திகதியே வந்துவிடுவோம். வேணுகாவிடம் சொல்லுங்கள், கதவு சின்னது, தலைப்பூ கவனம்.

செல்வன்

*

சிவமயம்
ஊஸ்டர், 10.09.2017

என் தம்பி,

கலியாண வீடு கழுவித் துடைத்து, இரவல் பாத்திரங்கள் எல்லாம் திருப்பிக் கொடுத்து, இன்றைக்குத்தான் மேசையில் இருக்கக் கிடைத்தது. வேணுகாவும் பானுஜனும் நேற்று வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பானுஜன் உன் காரைப் பற்றித்தான் கதை, என் பிள்ளையைப் பற்றி இரண்டாவது.

அன்றைக்கு ஆயிரம் சனத்துக்கு நடுவில் உன்னிடம் சொல்ல முடியாததை எழுதத்தான் இருந்தேன்.

நீ தெருமுனையில் திரும்பியபோது நான் வாசலில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் கார் தெரியவில்லை. காலுக்குக் கீழே ஒரு அதிர்வு, தம்புரா மாதிரி. பிறகு அந்தச் சிவப்பு. முதியோர் இல்லத்துச் சன்னல்கள் திறந்தன, ஒன்றும் சாத்தப்படவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பின்னால் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு பிர்காவும் தெளிவாக. உன் கார் அதற்குக் கீழே சுருதி பிடித்துக்கொண்டு வந்தது. நான் குனிந்து குடத்தைப் பார்த்தேன். மாவிலைக்கு நடுவில் தண்ணீரில் வளையம் வளையமாகப் போனது. ஒரு சொட்டும் வெளியே இல்லை. ஹெர் வேபர் என் பக்கத்தில் போனைப் பிடித்துச் சத்தம் அளந்துகொண்டு நின்றவர், அதைப் பையில் வைத்துவிட்டு, பிறகு திரும்ப வெளியில் எடுத்தார், படம் பிடிக்க.

அப்போது என்னை அறியாமல் இரண்டு கையும் தலைக்கு மேல் போனது.

நீ என்னைப் பார்த்தாய். உன் முகம் வெளிறியதை நான் கண்டேன். உடனே எஞ்சினை நிறுத்தினாய். கடைசிப் பத்து எட்டும் கார் ஓசையில்லாமல் உருண்டு வந்து குடத்துக்கு முன்னால் நின்றது. எல்லோரும் அதை நீ வேண்டுமென்றே செய்த வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். வேணுகா இறங்கியதும் என் காதுக்குள், "ஏன் அம்மா நிப்பாட்டச் சொன்னனீங்கள்? மாமா பயந்திட்டார்" என்றாள். நான் கையில் இருந்த ஆராத்தித் தட்டைச் சுற்றத் தொடங்கினேன். நீயும் சாப்பாட்டுப் பந்தியில் முகம் பார்க்காமல், "சத்தம் கூடிப்போச்சோ அக்கா?" என்று மட்டும் கேட்டாய். அதற்குள் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

கூடவில்லை, செல்வன். நிறுத்தச் சொல்லவும் இல்லை. அது அரோகரா. உனக்கும் உன் காருக்கும்.

வருகிற வருடம் ஆடித் தேர் ஊர்வலத்தில் தேருக்கு முன்னால் உன் கார் போக வேண்டும் என்று அத்தான் கோயில் சபையில் கேட்டு, சம்மதமும் எடுத்துவிட்டார். இந்த முறை பிழை வரக்கூடாது. ஆகவே இன்றைக்கே முடிவு பண்ணிக்கொள்வோம். ஒற்றைக் கை தூக்கினால் நிற்பாட்டு. இரண்டு கை தூக்கினால் ஓட்டிக்கொண்டு வா. நான் கொப்பியில் எழுதிவிட்டேன், நீயும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டு.

அக்கா